வலது கை கொடுக்கும் நாள்

ஆண்கள் அழுதால் ஓர்லீனாவுக்குக் குமட்டும். தன் கணவனைக் கொன்றவன் அழுதால் கேட்கவே வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் அழுதான். ஆராதனை முடிகிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, பிரசங்க மேடைக்கு முன்னால் மண்டியிட்டு, "இந்தச் சபையில எனக்கு ஒரு இடம் குடுங்க" என்று கேட்டான். கிழவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். கிழவிகள் விசும்பினார்கள். ஓர்லீனா தன் இடத்தில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான, சோம்பேறித்தனமான முதுகு. பிழைத்துக் கிடப்பவனின் முதுகு.

கோய் ஸ்டிடம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலக்கரிச் சுரங்க மேற்பார்வையாளனாக வந்தவன். சுரங்கத்தில் எரிவாயு ஏறினால் மோப்பப் பெட்டி கண்டுபிடித்துவிடும். கரி வெட்டும் இயந்திரம் தானாக நின்றுவிடும். நின்றால் அன்றைய கணக்குக் குறையும். அதனால் மோப்பப் பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டிவிட்டான். இயந்திரம் நிற்காமல் ஓடியது. மாலை ஷிப்டில் அவள் கணவன் ஹோபர்ட்டும் இன்னும் இருவரும் உள்ளேயே எரிந்துபோனார்கள். நீதிமன்றத்தில் "ஆமாம், நான்தான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனான். அது நடந்து பதினோரு வருஷம்.

இத்தனை வருஷத்தில் ஓர்லீனா அவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. நீதிமன்றத்தில்கூட, மேஜைமேல் வைத்திருந்த, ஓரம் கருகிய அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி சுற்றி வருகிற சாதாரணப் பை. ஊரில் எல்லோரும் வாங்குகிற, அவளும் வாங்குகிற அதே ரொட்டி. பூட்ஸ் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கயிற்றின் முனைகளை உள்ளே மடித்துச் செருகியிருந்தது. வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கு உத்தரவு போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

அவனைச் சபைக்குத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது தன் மகன் லவெல்தான் என்பதும் போன ஞாயிறுதான் அவளுக்குத் தெரிந்தது.

இன்று சனிக்கிழமை. மாதத்துக்கு ஒருமுறை சபைக் காரியங்களைப் பேசி முடிக்கிற நாள். எங்கள் சபையில் புதிதாக ஓர் ஆளைச் சேர்க்க வேண்டுமானால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அத்தனை பேரும் சரியென்று தலையாட்டி, ஒரே ஒருத்தி எழுந்து வேண்டாம் என்றாலும் போதும். வந்தவன் வந்த வழியே போக வேண்டியதுதான்.

அந்த ஒருத்தி காலை ஆறு மணிக்கே எழுந்து, கறுப்பு உடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள்.

ஜன்னல் வழியாகத் தோட்டம் தெரிந்தது. லவெல் பீன்ஸ் கொடிகளைக் கம்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகாத சனிக்கிழமைகளில் அம்மாவின் தோட்டத்துக்கு வந்துவிடுவான். ஒவ்வொரு கட்டுக்கும் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, முனையை உள்ளே செருகினான். எந்தக் காற்றுக்கும் அவிழாது. ஹோபர்ட் கட்டினால் மறுநாளே கொடி தரையில் கிடக்கும்.

காபியை எடுத்துக்கொண்டு ஓர்லீனா வெளியே வந்தாள்.

"நல்லா கட்டற. ஆள் சேர்க்கறதுலதான் உனக்கு அறிவு போதல."

லவெல் நிமிரவில்லை. "காலையிலேயே ஆரம்பிச்சுட்டியா அம்மா?"

"நீ ஆரம்பிச்சதுதானே. உங்கப்பனைக் கொன்னவனுக்கு வண்டியோட்டி வேலை பார்க்கற. சம்பளம் எதாவது குடுக்கறானா?"

"அவருக்கு வண்டி இல்ல. கூப்பிட்டாரு. போனேன்."

"அவருக்கு." அந்த 'ரு'வை அவள் பல்லில் சிக்கிய மீன்முள்ளைப் போல எடுத்துக் காட்டினாள். "மரியாதை வேற."

லவெல் கயிற்றை அறுத்தான். அடுத்த கொடிக்குப் போனான். "உனக்கு மன்னிக்கிறதுக்குன்னு எதாவது எல்லை இருக்காம்மா?"

"இருக்கே. அதோ, அந்த வேலி வரைக்கும். வேலிக்கு உள்ள இருக்கறவங்க என்ன பண்ணாலும் மன்னிப்பேன். நீ சின்ன வயசுல கோழிக்கூண்டைக் கொளுத்தினப்போ மன்னிக்கல?"

"மன்னிச்ச."

"வேலிக்கு வெளிய இருக்கறவங்களைக் கர்த்தர் பார்த்துக்கட்டும்."

"கர்த்தர் பார்த்துக்கிட்டாரே. அதுதானே உனக்குப் பிடிக்கல."

லவெலை அவளால் நீண்ட நேரம் திட்ட முடியாது. எங்கள் பக்கம் ஆண்கள் தலை நரைத்த பிறகுதான் மனம் உடைந்து சபைக்கு வருவார்கள். அவன் மட்டும் முப்பது வயதுக்குள் வந்துவிட்டான். விபத்து நடந்த அன்று பகல் ஷிப்டில் மின்கம்பி வேலைக்கு உதவியாளாக இருந்தவன் அவன். மகன் வெளியே வர, அப்பன் உள்ளே போனான். அதற்குப் பிறகு லவெல் சுரங்கத்தின் பக்கமே போகவில்லை. ரோடு போடுகிற வேலைக்குப் போனான். இப்போது சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். அப்பாவை நினைத்து நினைத்தே பையன் இப்படிப் பக்தியாகிவிட்டான் என்று ஓர்லீனா எல்லோரிடமும் சொல்வாள்.

"சபை மூப்பர் சொன்ன மாதிரி அவரைப் போய்ப் பார்க்கறியா?" என்று லவெல் கேட்டான்.

"போறேன். மனஸ்தாபம் இருக்கறவங்க முதல்ல தனியா போய்ப் பேசணுமாம். பேசாம சபையில வாயத் திறக்கக் கூடாதாம். முறைன்னா முறைதான். சாக்கடையில இறங்கணும்னாலும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு இறங்கலாமே."

லவெலின் கை ஒரு கணம் நின்றது. "அவர் எதாவது சொன்னா..."

"என்ன சொல்லுவான்?"

"ஒண்ணுமில்ல. காபி ஆறுது பாரு."

*

மகள் ஜெரலீன் காரில் வந்து அழைத்துப் போனாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ். சபையில் சேராதவள், சேரும் எண்ணமும் இல்லாதவள். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சிகரெட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே ஓட்டினாள்.

"கண்ணீர் விட்டானாமே," என்றாள்.

"வாளி வாளியா."

"எங்க இல்லத்துல ஒரு கிழவன் இருக்கான். வாழ்நாள் முழுக்கப் பொண்டாட்டியை அடிச்சவன். இப்போ தினம் சாயங்காலம் நாலு மணிக்குக் கரெக்டா அழுவான். அப்பதான் புட்டிங் குடுப்பாங்க."

ஓர்லீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் கேக்கறேன்மா, உங்க கடவுளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கவே தெரியாதா? நல்லவங்க இத்தனை பேர் இருக்கும்போது அந்தக் குப்பையை எதுக்குப் பொறுக்கணும்?"

"அவரைக் குறை சொல்லாத."

"நீ மனசுக்குள்ள சொல்ற. நான் வெளிய சொல்றேன். அவ்வளவுதான்."

ஓர்லீனா வெளியே பார்த்தாள். ஓடைத் தண்ணீர் பழைய சுரங்கத்தின் துருவோடு ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. நாளைக்கு இந்த ஓடையில்தான், இதற்கு மேலே தெளிந்திருக்கிற மடுவில், ஞானஸ்நானம் நடக்கும். நடந்தால்.

கோய் வசிக்கும் இடத்தை வீடு என்று சொல்ல முடியாது. செங்கல்மேல் நிறுத்திய பழைய டிரெய்லர். வாசலில் ஒரே ஒரு நாற்காலி. விருந்தாளி வருவான் என்று அவனே நம்பவில்லை போலிருக்கிறது.

"நான் கார்லயே இருக்கேன்," என்றாள் ஜெரலீன். "உள்ள வந்தா எதாவது தூக்கிப் போட்டு உடைப்பேன். உடைக்கக்கூட அங்க ஒண்ணும் இருக்காது."

கோய் கதவைத் திறந்தான். ஓர்லீனா அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துப் பேசினாள்.

"மூப்பர் வரச் சொன்னார். வந்துட்டேன். உன்மேல எனக்கு மனஸ்தாபம் இருக்கு. சொல்லிட்டேன். முறை முடிஞ்சுது."

"உக்காருங்க. காபி ஊத்தறேன்."

"நீ ஊத்தினதைக் குடிக்கற அளவுக்கு எனக்கு இன்னும் தாகம் எடுக்கல."

அவன் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. ஒரு விதவை எதிரில் நிற்கிறாள், பையில் கையை விட்டுக்கொண்டு பேசுகிறான். ஓர்லீனா இதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொல்லத்தானே போறீங்க?" என்று கேட்டான்.

"வேற என்ன சொல்லுவேன்னு நினைச்ச?"

"சொல்லிடுங்க." அவன் குரலில் கெஞ்சல் இல்லை. களைப்புதான் இருந்தது. "நிஜமாவே சொல்றேன். நீங்க வேண்டாம்னு சொன்னா எனக்கு நல்லது. நான் மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். அன்னைக்கு ஜெயில்ல ஜெபம் பண்ணினப்போ, என்னை விட்டுடுன்னுதான் கேட்டேன். அவர் விடல. துரத்திக்கிட்டே வந்து இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. சபைக்குள்ள வந்துட்டா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து உண்மையைத்தான் பேசணும். அந்தத் தெம்பு எனக்கு இல்ல."

"உண்மை பேசத் தெம்பில்லாதவனுக்குச் சபை எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்க தடுத்துடுங்க. உங்க புண்ணியம்."

ஓர்லீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்த ஒரே ஒரு வார்த்தை. அதை இவன் கை நீட்டிக் கேட்கிறான், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற மாதிரி.

"உனக்கு ஒத்தாசை பண்றதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றாள்.

அவன் நாற்காலியை இடது கையாலேயே பழைய இடத்துக்குத் தள்ளினான்.

"புழுகூட மிதிச்சா நெளியும். நீ மிதிக்கச் சொல்லிக் காலடியில வந்து படுத்துக்கற."

கதவைச் சாத்தாமலேயே வெளியே வந்தாள்.

காரில் ஏறியதும் ஜெரலீன் கேட்டாள். "கால்ல விழுந்தானா?"

"விழுந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

*

மத்தியானம் சபையில் கூட்டம் நிரம்பியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. ஜெரலீன் உள்ளே வராமல், ஜன்னலுக்கு வெளியே காரின்மேல் சாய்ந்து நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவளுக்குச் சபை ஒழுங்கு எதற்கு?

கோய் எழுந்து சாட்சி சொன்னான். ஓர்லீனா தரைப் பலகைகளின் இடுக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் பாவி என்றான். மூன்று பேர் செத்ததற்கு நான் கொடுத்த உத்தரவே காரணம் என்றான். கணக்குக் குறையக் கூடாது என்று கட்டச் சொன்னேன் என்றான். சுற்றிலும் "ஆமென்" எழுந்தது. கிழவர்களுக்குக் கண்ணீர் மறுபடி ஊறியது. பெரிய பாவியாக இருந்தால் இவர்களுக்கு அழுவதற்கு வசதி என்று ஓர்லீனா நினைத்தாள். வாழ்நாள் முழுவதும் ஒழுங்காக இருந்த அவள் சேர வந்தபோது இதில் பாதிக் கைக்குட்டைகூட வெளியே வரவில்லை.

மூப்பர் ஆர்வில் எழுந்தார். "இந்த மனுஷரைச் சேர்த்துக்கறதுல யாருக்காவது மனத்தடை இருக்கா?"

யாரும் திரும்பவில்லை. ஆனால் அத்தனை பேரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று ஓர்லீனாவுக்குத் தெரிந்தது. எழுந்து நின்றாள்.

"சகோதரி ஓர்லீனா, அவரைத் தனியா பார்த்துப் பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன சொல்றீங்க?"

வாய்க்குள் அந்த வார்த்தை தயாராக இருந்தது. அவள் அதைத் துப்பியிருக்கலாம். துப்பினால் அவன் தோளிலிருந்து பாரம் இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் போய் நிம்மதியாகத் தூங்குவான். அவனுக்கு அந்தத் தூக்கத்தைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"எனக்குத் தடை இல்ல," என்றாள்.

எங்கோ ஒருத்தி மூச்சை இழுத்தாள்.

"எனக்கு அவனைப் பிடிக்கல. நாளைக்கும் பிடிக்காது. கர்த்தருக்குப் பிடிச்சிருக்குன்னு நீங்க எல்லாம் சொல்றீங்க. அவர் ரசனைக்கு நான் பொறுப்பில்ல. வரட்டும். வந்து மாசாமாசம் இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பார்க்கட்டும். அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்லயும் கிடைக்காது."

ஜன்னலுக்கு வெளியே ஜெரலீன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதிப்பது கேட்டது.

கிருபையில் இப்படியும் ஒரு வகை உண்டா என்று மூப்பர் ஆர்விலுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சம்மதம் சம்மதம்தான். "அப்போ வலது கை குடுப்போம்," என்றார்.

அது எங்கள் வழக்கம். புதிதாகச் சேர்பவர் முன்னால் நிற்பார். பக்கத்தில், அவரை அழைத்து வந்தவர் நிற்பார். பாட்டு ஆரம்பிக்கும். சபையார் அனைவரும் வரிசையாகப் போய் இருவருக்கும் வலது கை கொடுக்க வேண்டும். கடைசி ஆள் கை கொடுக்கும்வரை பாட்டு நிற்காது. அடிகள் தீர்ந்துபோனால் முதலிலிருந்து மறுபடியும் எடுப்பார்கள்.

அழைத்து வந்தவனும் பாட்டு எடுப்பவனும் லவெல்தான். கோய்க்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வோர் அடியாக உரக்கச் சொன்னான். சபை அதை வாங்கி, மலையில் மூடுபனி இறங்குவது போல மெதுவாக இழுத்துப் பாடியது. வரிசை நகர்ந்தது. ஆண்கள் கோயைக் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

ஓர்லீனா உட்கார்ந்தே இருந்தாள்.

வரிசை முடிந்தது. பாட்டு முடியவில்லை. லவெல் கடைசி அடியைச் சொன்னான். பிறகு முதல் அடியை மறுபடி எடுத்தான். சபை பாடியது. கிழவிகள் மூச்சு வாங்கினார்கள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பாடிக்கொண்டே இருந்தார்கள். மரியாதையாக ஒருத்தியின் கழுத்தை நெரிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சரி. விரல் நுனியைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம். வீட்டில் சோப்பு இருக்கிறது.

எழுந்து போனாள். கோயின் முன்னால் நின்றாள். அவன் தயங்கினான். பிறகு வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் வழக்கம்போல அவன் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கையைப் பிடித்தாள்.

பிடித்த இடத்தில் ஒன்றும் இல்லை.

குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் இருந்தது. நடுவில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் தோல் வழவழவென்று மூடியிருந்தது. ரொம்பப் பழைய காயம்.

முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டிருக்கவில்லை. பயந்துகொண்டிருந்தான்.

"இது எப்போ?" என்று கேட்டாள். பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

"சின்ன வயசுல. வேற சுரங்கத்துல."

"அன்னைக்கு முன்னாடியேவா?"

"ரொம்ப முன்னாடி."

கட்டச் சொன்னேன் என்றுதான் அவன் சற்றுமுன் சாட்சி சொன்னான். கட்டினேன் என்று சொல்லவில்லை. அவள்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிமன்றத்திலும் யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. நான்தான் என்று சொன்னவனிடம் கட்டிக் காட்டு என்று கேட்பார்களா? ஊரார் பார்த்திருப்பார்கள். அவன் பேச்சை எடுக்காதே என்று அவள் உத்தரவு போட்ட பிறகு யார் வந்து சொல்வார்கள்?

மேஜைமேல் இருந்த பை கண்முன்னே வந்தது. பூட்ஸ் கயிறு. இரண்டு சுற்று. ஒரு முடிச்சு. முனையை உள்ளே மடித்துச் செருகிய விதம்.

இந்தக் கையால் அதைக் கட்ட முடியாது. கட்டுவதற்குப் பத்து விரலும் வேண்டும். நல்ல விரல்கள் வேண்டும். காலையில் பீன்ஸ் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவை போல.

பாட்டு நின்றுபோயிருந்தது. சபை ஓர் அடியைப் பாடி முடித்துவிட்டு அடுத்த அடிக்காகக் காத்திருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை.

"சகோதரன் லவெல்," என்று மூப்பர் மெதுவாகக் கூப்பிட்டார். "அடுத்த அடி."

ஓர்லீனா திரும்பவில்லை. கோயின் கையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள்; முடியவில்லை. வேலிக்கு வெளியே இருந்த அந்த மொட்டைக் கையை, விழப்போகிறவள் கிளையைப் பிடிப்பது போல, இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை விட்டால் அடுத்த கையைப் பிடித்தாக வேண்டும்.

அடுத்த கை ஏற்கெனவே நீட்டியிருந்தது. கடைக்கண்ணில் அதன் ஐந்து விரல்களும் தெரிந்தன.

"அம்மா," என்றான் லவெல்.